நூற்றுப் பதினெட்டு மீன்கள்

பாபகூரா, ஒக்லாந்து
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

நீங்கள் பாலைவனத்துக்குப் போன இந்த நான்கு வருடமும் கடிதங்கள் அப்பாவுக்குத்தான் வந்தன. "அங்கை சிக்னல் இல்லை, அதாலை எனக்கு முத்திரை கிடைக்குது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். கடைசிப் பந்தியில் எனக்கு ஒரு வரி இருக்கும்: கம்சாவுக்கு என் அன்பு. இனி முழுக் கடிதமும் எனக்கு வேண்டும் என்று கேட்டால் பேராசை என்று நினைப்பீர்களோ?

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நல்லபடி முடிந்தது. வேலைநாள், மழை வேறு. அப்படியிருந்தும் பிளாட் புஷ் மண்டபத்துக்கு அறுபது பேர் வந்தார்கள். அப்பா வேலை செய்த நீச்சல்குளத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், பெரிய உடம்புள்ள சமோவாக்காரர், பருப்புக்கறியை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உன்ரை அப்பா அந்தத் தண்ணிக்குக் காய்ச்சல் பார்க்கிற டொக்டர்" என்று அவருடைய ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீரின் சூட்டையும் குளோரீனையும் அளந்து ஏட்டில் எழுதியதைத்தான் சொல்கிறார்.

அப்பாவின் கல்வெட்டை, அந்த நினைவுப் புத்தகத்தை, இத்துடன் அனுப்புகிறேன். ஜனார்த்தன் மாமா முழுப் பொறுப்பையும் எடுத்துச் செய்தார். நூற்றைம்பது பிரதி. முன்பக்கத்தில் நீலச் சட்டைப் படம். மாமாவின் வெண்பாக்களில் அப்பா கருணைக்கடல் ஆகிவிட்டார். நீச்சல்குளத்தில் தொடங்கியவர் கடல்வரை போய்விட்டார் என்று நினைத்தபோது, அந்தியேட்டி அன்று முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நீங்கள் இருந்திருந்தால் இரண்டு பேரும் வெளியே எழும்பிப் போயிருப்போம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாளே நீங்கள் போய்விட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை, எழுதிப் பார்த்தால் குறை மாதிரித்தான் இருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் தனியே இருந்தது காரில் பத்து நிமிடம். அப்போதும் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தோம். "கடைசியா என்ன கதைச்சவர்?" என்று கேட்டீர்கள். நான் அதற்குள் ஓர் இடத்தைக் காட்டி, "அதிலை விடுங்கோ" என்றேன். எல்லாம் கெதியில் நடந்துவிட்டது அக்கா. அப்பா கஷ்டப்படவில்லை. உங்களைப் பற்றித்தான் கதைத்தார்.

குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தை நான் இன்னும் துடைக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தரம் நீங்கள் பாலைவன ஊற்றில் எண்ணிச் சொல்லும் மீன் கணக்கை அப்பா பென்சிலால் எழுதிவைத்த இடம். பென்சில் நூலில் கட்டியபடி அப்படியே தொங்குகிறது. தேயிலை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் ஆடுகிறது.

உடம்பைப் பாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
கம்சாயினி

நெவாடா
2 ஜூலை 2025

அன்புக் கம்சா,

கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கிழமையில் ஒருநாள் டவுனுக்குப் போய்த் தபாலும் ஐஸும் எடுத்துவருகிறோம். அங்கேதான் தொலைபேசியும் உயிர்பெறும். இன்று நிழலில் நாற்பத்தேழு பாகை. சாப்பிடுகிறேன்.

முழுக் கடிதம் கேட்டாய். எனக்கு மீனைத் தவிர வேறு செய்தி இல்லை. அப்பா சலிக்காமல் கேட்டதால் எல்லோருக்கும் அது சுவையானது என்று பழகிப்போனேன். நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன்.

பாறைக்குள் ஒரு பிளவு. அதில் வெந்நீர் ஊற்று, இரவு பகல் முப்பத்துமூன்று பாகை. தண்ணீரில் மூச்சுக்காற்று மிகக் குறைவு. வேறு மீனைக் கொண்டுவந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் செத்து மிதக்கும். இந்த மீன் என் சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம். ஆண் நீலம். நாய்க்குட்டிகள் மாதிரி ஒன்றை ஒன்று துரத்தும். பிளவின் ஒரு பக்கத்தில் முழங்காலளவு தண்ணீரில் ஒரு கல்மேடை இருக்கிறது; உங்கள் குசினியை விடச் சிறியது. அதில் படியும் பாசிதான் சாப்பாடு, அங்கேதான் முட்டை. இந்த இனத்துக்கு உலகத்தில் இருப்பது அந்த மேடை ஒன்றுதான். வேலியும் கமராவும் போட்டிருக்கிறோம் என்று சொன்னபோது அப்பா, "ஒரு நெத்தலிக்கு இவ்வளவு காவலோ? எனக்கு ஒரு லைப்கார்ட்கூட ஒழுங்காத் தரமாட்டாங்கள்" என்றார்.

கல்வெட்டை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக வந்திருக்கிறது. பதினான்காம் பக்கத்தில் மட்டும் நின்றுவிட்டேன். மாமா இப்படி எழுதியிருக்கிறார்: "பாலைநிலத்தில் தம் மூத்த புதல்வி பிரசாந்தி காத்துவரும் மீனினம் நூற்றுப் பதினெட்டாகப் பெருகிற்று என்ற நற்செய்தியைச் செவிமடுத்த பின்னரே அன்னார் அமைதியுடன் கண்மூடினார்."

கம்சா, சித்திரை எண்ணிக்கை நாற்பத்துமூன்று.

போன ஐப்பசியில் எண்பத்தேழு இருந்தன. மாசியில் எங்கேயோ தூரத்தில் நிலம் அதிர்ந்து இங்கே தண்ணீர் தளும்பியது. மேடையில் இருந்த பாசியையும் முட்டையையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. சித்திரையில் வெள்ளியும் சனியும் எண்ணினோம். இரண்டு நாளும் ஏறக்குறைய அதே எண். ஜூன் கடைசிவரை நிலையத்துக்கு வெளியே ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை. நூற்றுப் பதினெட்டு என்ற எண் நான் இங்கே வந்தபிறகு ஒருமுறையும் வந்ததில்லை.

மாமாவுக்கு அது எங்கிருந்து கிடைத்தது?

அன்புடன்,
அக்கா

பாபகூரா
20 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ரெயினில் வாசித்தேன். நூலக வேலைக்கு இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தேன். அந்தக் கல்மேடை எங்கள் குசினியை விடச் சிறியது என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்து குசினியைக் காலடியால் அளந்து பார்த்தேன்.

மாமாவுக்கு எழுபத்தாறு வயதாகிறது. செத்தவீட்டில் யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள், அவர் ஒன்றைக் கேட்டு ஒன்றை எழுதியிருப்பார். கல்வெட்டில் யார் எண்ணைச் சரிபார்க்கிறார்கள்? நான் அச்சுக்கு முன்னம் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

இங்கே மூன்று நாளாக மழை. எலுமிச்சை மரம் நிறையக் காய்த்திருக்கிறது, பறிக்க ஆளில்லை. அப்பாவின் வேலைச் சப்பாத்தை நீச்சல்குளத்துக்காரர்கள் கொண்டுவந்து தந்தார்கள். இன்னும் குளோரீன் மணக்கிறது.

உங்கள் தங்கச்சி,
கம்சா

நெவாடா
9 ஓகஸ்ட் 2025

கம்சா,

டவுனுக்குப் போனபோது மாமாவுக்கு மின்னஞ்சல் போட்டேன். அங்கே நிற்கும்போதே பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்:

"பிள்ளை, நான் ஒண்டையும் காத்திலை எழுதேல்லை. செத்தவீட்டண்டு தேத்தண்ணி போட அலுமாரியைத் திறந்தனான். கதவிலை கிடந்தது. கம்சாவைக் கேட்டனான், ஓம் மாமா எண்டவள். பிறகு அப்பாவுக்குத் தெரியுமோ எண்டு கேட்டனான். தெரியும், கேட்டுச் சந்தோசப்பட்டவர் எண்டு சொன்னவள். அதைத்தான் எழுதினனான். கொஞ்சம் நல்ல தமிழிலை."

ஒரு படமும் அனுப்பியிருந்தார்; வந்து நின்ற வாரம் அந்தக் கதவை நான் திறக்கவேயில்லை. அப்பாவின் எண்கள் எல்லாவற்றுக்கும் கீழே: 2025 சித்திரை, 118. அது உன் கையெழுத்து. உன் எட்டு எப்போதும் இரண்டு வட்டமாகப் பிரிந்து நிற்கும்.

நான் கோபத்தில் எழுதவில்லை. என் வேலை எண்ணுவது. ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. அந்தக் கிழமை என்ன நடந்தது? முழுவதையும் எழுது.

அக்கா

பாபகூரா
31 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் என்னை அறியாமலே எனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டு போனேன். கதைகள் வாசித்துப் பழகியவளுக்கு இது ஒரு வருத்தம். எந்த இடத்தில் இரக்கம் வரும் என்று தெரிந்துவிடுகிறது. இந்தத் தரம் நாள்வாரியாகவே எழுதுகிறேன்.

புதன், 23 ஏப்ரல். அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இதயம் களைத்துவிட்டது, நுரையீரலில் தண்ணீர் என்றார்கள். மருந்து கொடுத்ததும் கதைக்கத் தொடங்கிவிட்டார். முதல் சொன்னது இதுதான்: "அக்காவுக்குச் சொல்லாதை. வெள்ளிக்கிழமை எண்ணத் தொடங்குகினம். நடுவிலை எழும்பி வந்தாளெண்டா ஆறு மாசம் வீணாப் போகும்." நான் சரி என்றேன். நீங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அம்மாவின் நோயைப் பரீட்சை முடியும்வரை உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தோம், ஞாபகமா? அப்படிச் செய்வதுதான் எங்கள் வீட்டில் அன்பு. அதில் நான் தேர்ச்சி பெற்றவள்.

வியாழன் பின்னேரம். டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, குடும்பத்தில் வரவேண்டியவர்கள் இருந்தால் இப்போதே வரச்சொல் என்றார். நாட்கணக்கு என்றார். அப்பாவுக்கு அது தெரியாது. ஒரு கிழமையில் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சொல்லாதே என்று அவர் சொன்னது புதன்கிழமை. அந்தச் சொல்லை வியாழனுக்கும் பொருத்திக்கொண்டவள் நான்.

குளிர்ப்பெட்டியில் நீங்கள் ஒட்டிவிட்டுப்போன காகிதம் அங்கேயே இருந்தது. அவசரம் என்றால் இந்த இலக்கம், அவர்கள் ஜீப்பில் வந்து என்னிடம் சொல்லுவார்கள் என்று உங்கள் எழுத்தில். அன்றைக்கே அடித்திருந்தால் நீங்கள் சனி காலை வந்து இறங்கியிருப்பீர்கள். சனி, ஞாயிறு, இரண்டு முழுநாள் அப்பா கதைத்துக்கொண்டுதான் இருந்தார். அந்த இரண்டு நாளை உங்களிடமிருந்து நான் எடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எண்ணிக்கை கெட்டுவிடும் என்ற நினைப்பும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அது மேலே போட்டுக்கொண்ட சால்வை. உள்ளே இருந்ததை எழுதுகிறேன். நான்கு வருடம் அப்பாவோடு இருந்தவள் நான். மருந்து, வைத்தியசாலை, பல்லுக்கட்டு, எல்லாம். அவர் காத்திருந்தது உங்கள் கடிதத்துக்கு. அவர் என்னோடு கதைத்ததில் பாதி நீங்கள் எழுதியது. அந்த அறையில், முதன்முதலாக, நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்தால் அவர் முகம் எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஒரு மணி. சாப்பாட்டுத் தட்டு வந்தது. அவர் தொடவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இப்ப அங்கை சனி பின்னேரம் ஆறு மணி. எண்ணி முடிஞ்சிருக்கும். ஐஸ் எடுக்க டவுனுக்கு வந்திருப்பாள். இப்ப எடுப்பாள் பார்" என்றார். தொலைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அரை மணித்தியாலம். இடையில் ஒருமுறை, "சார்ஜ் இருக்கோ?" என்று கேட்டார். பிறகு கண் அயர்ந்துவிட்டார்.

அப்போதாவது நானே உங்களுக்கு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. வியாழனே ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் முதல் கேள்வியாகக் கேட்பீர்கள் என்ற பயம்.

கண் விழித்ததும், "எடுத்தவளோ?" என்றார்.

"ஓம் அப்பா. நீங்கள் நித்திரை, எழுப்ப வேண்டாம் எண்டவ."

"எழுப்பியிருக்கலாமே. எத்தினையாம்?"

என் மடியில் ஒரு புத்தகம் திறந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். பக்க எண் நூற்றுப் பதினெட்டு.

"நூற்றிப் பதினெட்டு."

"உண்மையாவோ?" அவர் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. "போன தரம் எண்பத்தேழு. முப்பத்தொண்டு கூட. முப்பத்தொண்டு! சின்னப் பிசாசுகள்." சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். "வீட்டை போனவுடனை கதவிலை எழுது. நீ மறந்துபோடுவாய்." சற்றுப் பொறுத்து, "என்னைக் கேட்டவளோ?" என்றார். கேட்டவ என்றேன்.

பின்னேரம் உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்தபோது எழுதினேன். மறக்கவில்லை என்று அவரிடம் சொல்லவேண்டும் என்பதற்காக எழுதினேன். திங்கள் விடிய ஐந்து நாற்பதுக்கு அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் குளிர்ப்பெட்டிக் காகிதத்தில் இருந்த இலக்கத்தை அடித்தேன்.

மாமா கேட்டபோது அது பொய் என்று சொல்ல ஒரு வசனம் போதும். வீடு நிறைய ஆட்கள். ஓம் மாமா என்றுவிட்டேன். அச்சுக்கு முன்னம் பார்க்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேனே, அதுவும் பொய். பார்த்தேன். பதினான்காம் பக்கத்தை மூன்று தரம் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பினேன்.

இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. நீங்கள் கேட்ட எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் பதில்.

கம்சாயினி

பாபகூரா
5 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து கிழமையாகப் பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். கிடைத்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நேற்று மாமா வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட்டேன். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. மாமா கல்வெட்டை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "நூற்றைம்பது புத்தகம் குடுத்தாச்சு பிள்ளை. ஆர் இனி மீனை எண்ணப் போகினம்?" என்றார். அக்கா எண்ணுவா மாமா என்றேன். "ஓம், அவள் எண்ணுவாள்" என்றார்.

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் ஒவ்வொரு மாதமும் எழுதுவேன். வாசிக்க வேண்டும் என்றில்லை.

கம்சா

நெவாடா
4 ஒக்டோபர் 2025

அன்புக் கம்சா,

உன் கடிதம் செப்டெம்பர் நடுவில் கிடைத்தது. இலையுதிர் கால எண்ணிக்கை முடியும்வரை எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். எண்ணுகிற கிழமையில் கவனம் சிதறக்கூடாது.

முதலில் கோபம் வந்தது. அதை மறைக்கவில்லை. இரண்டு நாள் என்று நீ எழுதியிருந்தாய். ஊற்றின்மேல் ஒரு பலகை போட்டிருக்கிறோம், அதில் குப்புறப் படுத்துத்தான் மேடையில் உள்ள மீன்களை எண்ணுவது. அந்தப் பலகையில் படுத்தபடி அந்த இரண்டு நாளையும் மணித்தியாலம் மணித்தியாலமாக எண்ணினேன். மீன் கணக்குத் தவறிப்போய்த் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தவரும் முதலில் இருந்து எண்ணினார்.

பிறகு உன் கடிதத்தில் ஓர் இடத்தைத் திரும்ப வாசித்தேன். ஞாயிறு மத்தியானம் ஒரு மணி. பத்தொன்பது மணித்தியாலத்தைக் கழித்துப் பார்த்தேன். கழிக்கத் தேவையே இல்லை, அப்பாவே கழித்துச் சொல்லியிருக்கிறார். சனி பின்னேரம் ஆறு மணி.

கம்சா, அந்த நேரம் நான் டவுனில்தான் நின்றேன். ஐஸ் எடுக்கப் போனேன். பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தில், காருக்குள், தொலைபேசி கையில். சிக்னல் முழுதாக இருந்தது. அப்பாவின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். எடுத்தால் முதல் கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எத்தினை? நாற்பத்துமூன்று என்று சொல்ல வேண்டும். நான்கு வருடம் இந்த மீனுக்காக வீட்டை விட்டு வந்தவள், பாதிக்கு மேல் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். அடுத்த கிழமை எடுக்கலாம் என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐஸ் வாங்கப் போனேன். மூன்று பை. ஒன்று வழியில் உருகிவிட்டது.

அவர் தொலைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்த அதே அரை மணித்தியாலம்.

இதைச் சொல்லாமல் உன்மேல் கோபப்பட்டுக்கொண்டே காலம் தள்ள எனக்கு வசதியாக இருந்திருக்கும். உனக்கு ஒருநாளும் தெரியவந்திராது. மூன்று கிழமை அப்படி இருந்தும் பார்த்தேன்.

கதவில் உள்ள எண்ணைப் பற்றி. அதை அழிக்காதே. பெயின்ற் பூசாதே. நாங்கள் வெளிக்களக் குறிப்பேட்டில் பிழையை அழிப்பதில்லை. குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். பக்கத்தில் சரியான எண். திருத்தியவரின் முதலெழுத்து, திகதி. எண்ணிக்கை என்றால் இரண்டு பேரின் எழுத்து வேண்டும். உன்னுடையதைப் போட்டுவிட்டு எனக்கு இடம் விடு. டிசம்பர் இருபதாம் திகதி காலை வந்து இறங்குகிறேன். மூன்று கிழமை நிற்பேன்.

இந்தத் தரம் அறுபத்தொன்று. மேடையில் பாசி திரும்பப் பிடித்திருக்கிறது. குஞ்சுகளும் கண்டோம், அவற்றை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

என் அன்பு,
அக்கா

பாபகூரா
26 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் என் கடைசிக் கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. அதில் நான் எழுதியதைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

பெற்றோல் நிலையத்தை வாசித்தபோது முதலில் எனக்கு நிம்மதி வந்தது. அதற்கு வெட்கப்படுகிறேன், ஆனாலும் வந்தது. அதன்பின் இரண்டு நாள் உங்களோடு மனதுக்குள் சண்டை. காய்கறி வெட்டும்போது, ரெயினில், நூலகத்தில் புத்தகம் அடுக்கும்போது. நீங்கள் எடுத்திருந்தால் நான் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று. மூன்றாம் நாள்தான் அடுத்த வசனம் வந்தது: நான் வியாழன் எடுத்திருந்தால் நீங்கள் அந்தப் பெற்றோல் நிலையத்தில் நின்றிருக்கவே மாட்டீர்கள். அதற்குமேல் சண்டை நகரவில்லை. யாருடையது கூட என்று அளந்து பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் வந்தபிறகும் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வாருங்கள்.

இன்று காலை அலுமாரியைத் திறந்து கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். ஒரே கோடு என்று நீங்கள் எழுதியதும் அப்பாவின் குளத்து ஏடு ஞாபகம் வந்தது. அவரும் அப்படித்தான் செய்வார். ஒருமுறை முப்பது என்று எழுதவேண்டிய இடத்தில் மூன்று என்று எழுதிவிட்டு, வெள்ளை மை பூசுங்கோ அப்பா என்று நான் சொன்னதற்கு, "பூசினா எனக்கு வேலை போயிடும்" என்றார்.

118இன் குறுக்கே கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணல். பக்கத்தில் 43. க.இ., 26.10.2025. வலது பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது. அதன் கீழே, 2025 ஐப்பசி, 61. அதற்கும் உங்கள் எழுத்து வேண்டும். நான் எண்ணவில்லை, எழுதினது மட்டும்தான்.

இருபதாம் திகதி காலை விமான நிலையத்தில் நிற்பேன். பெரிய குளிர்ச்சட்டை வேண்டாம், இங்கே அப்போது கோடை. எலுமிச்சம்பழத்தில் ஊறுகாய் போட்டிருக்கிறேன்; நீங்கள் வரும்போது பதமாக இருக்கும்.

அறுபத்தொன்றைக் கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று அடுத்த வரியில் எழுத வந்தேன். நல்ல வசனம், கண்ணீர் வரும். எழுதவில்லை. அவர் சொல்லாத எதையும் இனி நான் எழுதப்போவதில்லை.

உங்கள் தங்கச்சி,
கம்சாயினி